தொடக்கத்திலா, முடிவிலா: பதிவுகளை இணைக்க ஒப்புதல் கேட்கும் இடம்

கணக்கெடுப்பில் ஒருவர் சொன்ன பதில்களோடு, வரித்துறையிலும் ஓய்வூதியத் துறையிலும் அவரைப் பற்றி ஏற்கெனவே உள்ள பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க அவரிடமே அனுமதி கேட்பது, அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய உடல்நல, ஓய்வுக்கால ஆய்வு போன்ற நீண்டகால ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. அந்த ஒற்றைக் கேள்வியை வினாத்தாளில் எங்கே வைப்பது என்பதில்தான் கருத்து பிரிகிறது.

பேசிப் பழகி நம்பிக்கை வந்த பிறகு கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று எண்ணி, களத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளுவதே நெடுநாள் பழக்கம். ஆனால் ஜெர்மனியில் தொலைபேசிவழி நடந்து 2013-இல் வெளியான சோதனையில், தொடக்கத்தில் கேட்டபோதுதான் ஒப்புதல் கூடுதலாகக் கிடைத்தது. இதில் எனக்கு வியப்பில்லை: முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, நன்றி சொல்லி வைக்கப் போகும் நேரத்தில் “இன்னும் ஒன்று” என்று கேட்டால், தன் பங்கை முடித்துவிட்டவருக்கு அது புதிய சுமையாகவே தோன்றும். தொடக்கத்திலும் ஒரு குறை உண்டு. எதற்காக இணைக்கிறார்கள் என்பது புரியும் முன்பே தலையாட்டிவிடுகிறார்கள்.

ஆகவே நான் சாய்வது மூன்றாவது வழிக்கு. அரசு உதவித்தொகை பற்றிய கேள்விகள் முடிந்த கையோடு, “இந்த விவரத்தைத் துறையின் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால், எந்தப் பதிவு, எதற்காக என்பது பதில் சொல்பவருக்குக் கண்முன் நிற்கும்.

சொல்லும் விதத்திலும் இரு தரப்பு உண்டு. இணைத்தால் உங்கள் பதில்களின் பயன் பெருகும் என்பது ஒன்று. இணைக்காவிட்டால் இதுவரை சொன்னதன் மதிப்பு குறைந்துபோகும் என்பது மற்றொன்று. முடிவில் கேட்கும்போது இரண்டாவதே அதிகம் பலித்ததாக ஆய்வு உண்டு. எனினும் அதில் ஒரு நெருக்குதல் இருப்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இணையவழிக் கணக்கெடுப்பில் நேர்முகத்தைவிட ஒப்புதல் குறைவதும் தெரிந்ததே; சந்தேகத்தைத் தீர்க்க அங்கே எதிரில் ஆள் இல்லை.

மறுப்புச் சொல்லாதவர்களை எல்லாம் ஒப்பியவர்களாகக் கொள்ளும் முறை எண்ணிக்கையை உயர்த்தும். ஆனால் ஒப்புதலையே சட்ட அடிப்படையாகக் கொண்டால், 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி மௌனமும், முன்னதாகவே குறியிட்ட கட்டமும் ஒப்புதல் ஆகா. 1981-இல் டென்மார்க் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பதிவேடுகளைக் கொண்டே நடத்தியதுபோல, சட்டமே இடம்தரும் நாடுகளில் இந்தக் கேள்வியே எழாது.

எந்த வழியானாலும் விழுக்காட்டை மட்டும் பார்ப்பது போதாது. மறுத்தவர்களின் கணக்கெடுப்புப் பதில்கள் கையில்தான் இருக்கின்றன என்பதால், அவர்களின் வயது, வருமானம், உடல்நலம் ஆகியவற்றை ஒப்பியவர்களுடையவற்றோடு முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால், எண்பது விழுக்காட்டு ஒப்புதலும் ஒருபக்கம் சாய்ந்த தரவையே தரும்.