கேரவன் பிரேக்கை ஆளும் சின்னக் கருவி
கேரவன், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு, இழுப்பதற்காக என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பொருத்தியவற்றுள் மனதார மெச்சுவது இந்த பிரேக் கன்ட்ரோலரைத்தான். வண்டியின் வேகம் குறைவதை உணர்ந்து, அதே அளவில் கேரவனின் மின்சார பிரேக்கையும் பிடிக்கிறது. பழைய கருவியோடு இறக்கத்தில் இறங்கும்போது, 2 டன் எடை முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். அந்தத் தள்ளல் அடியோடு போய்விட்டது! பக்கக்காற்றில் கேரவன் அலைபாய்ந்த அன்று, கருவியின் பொத்தானை அழுத்திக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடித்தேன். இரண்டே நொடியில் நேராகிவிட்டது.

முதல் வாரம் பிரேக் சோர்ந்துதான் பிடித்தது. பழி கருவிக்கல்ல, பொருத்தியவர் போட்ட மெல்லிய வயருக்கு. தடித்த வயர் மாற்றியதும் சரியானது. கேரவன் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் எண்கள் இரவில் தெரிவதில்லை, அது உண்மையான குறை. சுமை மாறும்போதெல்லாம் வெற்றுச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, சக்கரம் இறுகி வழுக்காத அளவுக்குக் குமிழைத் திருகிவைக்கிறேன்.