கன்டோனா, பெர்னா? இரண்டு பசுமை அரசியல்வாதிகள் போன வழிகள்

2023இல் ஜெனீவாவில் இரண்டு தேர்தல்கள் வந்தன. ஏப்ரலில் கன்டோன் (சுவிஸின் மாநிலம்) தேர்தல், அக்டோபரில் தலைநகர் பெர்னில் கூடும் பாராளுமன்றத்துக்குத் தேர்தல். வேலை, பிள்ளைகள், சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை என்று ஓடுகிறவர்களுக்கு இரண்டுக்கும் மாலை நேரம் ஒதுக்குவது நடக்காத காரியம். பசுமைக் கட்சிக்குத்தான் உதவி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தத் தேர்தலுக்கு என்பதுதான் கேள்வி. நான் கன்டோனைத் தேர்ந்தேன்.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட, இதே ஜெனீவாவில் இதே கட்சியில் இருந்தே இரண்டு பேர் கிடைக்கிறார்கள். வழக்கறிஞரான ரொபேர் கிராமேர் 1997 முதல் 2009 வரை கன்டோன் அரசில் இருந்தார். 2007இல் பாராளுமன்றத்தின் மாநிலங்களவைக்குத் தெரிவாகி 2019 வரை பெர்னில் இருந்தார். அந்த அவைக்குள் நுழைந்த முதல் பசுமைக் கட்சியினர் அவரும் வோ கன்டோனின் லுக் ரெக்கோர்தோனும்தான். அந்தோனியோ ஹோட்ஜெர்ஸ் போனது நேர்மாறான வழி. 2007இல் பாராளுமன்றத்தின் மற்ற அவையான தேசிய அவைக்குப் போனார், 2010இல் கட்சியின் பாராளுமன்றக் குழுத் தலைவரானார், 2013இல் பெர்னை விட்டுவிட்டு ஜெனீவா அரசுக்கு வந்தார். புவெனஸ் அயர்ஸில் பிறந்து, இராணுவ ஆட்சியிலிருந்து தப்பித் தாயோடு சிறு பிள்ளையாக அகதியாக வந்தவர் அவர். அகதி முகாமில் தொடங்கி இந்த நாட்டில் வாழ்க்கை அமைத்த நம்மவர்களுக்கு அந்தக் கதை புதிதல்ல.

பெர்னின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரிந்தது. நாடு முழுக்கச் செல்லும் சட்டம், தொலைக்காட்சி, பெயர். ஆனால் ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி அமைச்சரவையில் பசுமைக் கட்சியினர் ஒருவர்கூட இதுவரை அமர்ந்ததில்லை. 2019இல் கட்சி வரலாறு காணாத வெற்றி பெற்ற பிறகும் அமைச்சரவைக்குப் போட்டியிட்ட அன்றைய கட்சித் தலைவர் ரெகுலா ரிட்ஸுக்குப் பாராளுமன்றத்தில் கிடைத்தது 82 வாக்குகள்தான். ஆகவே பெர்னுக்குப் போகும் பசுமை அரசியல்வாதி பேசலாம், திருத்தம் கொண்டுவரலாம், பேரம் பேசலாம். ஒரு துறையை நடத்த முடியாது. கன்டோனிலும் அமைச்சர்கள் ஏழு பேர்தான். அதில் ஒருவரானால் கையில் ஒரு துறையே வந்துவிடும்.

எனக்கு முடிவைத் தந்தது வீட்டைச் சூடாக்கும் விஷயம். சுவிஸ் அரசியலமைப்பின் 89ஆம் பிரிவு, கட்டடங்களின் எரிசக்திப் பயன்பாட்டை முதன்மையாகக் கன்டோன்களின் பொறுப்பில் விடுகிறது. நாட்டின் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ கால் பங்கு கட்டடங்களிலிருந்து வருகிறது. அதாவது, நிலவறையில் இருக்கும் எண்ணெய்க் கொதிகலனை என்ன செய்வது என்பது பெரும்பாலும் கன்டோனில் தீர்மானமாகிறது.

பெர்னில் என்ன நடந்தது என்று பாருங்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு பாராளுமன்றம் கரியமில வாயுவைக் குறைக்கும் புதிய CO₂ சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாளில் 50,000 கையெழுத்துச் சேர்ந்தால் எந்தச் சட்டமும் மக்கள் முன் போயாக வேண்டும். போனது. 2021 ஜூன் 13 அன்று 51.6 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அத்தனை உழைப்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போயிற்று.

ஜெனீவாவில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வெப்பச் செலவுக் குறியீடு உண்டு: ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க ஆண்டுக்கு எவ்வளவு மெகாஜூல் என்று. ஹோட்ஜெர்ஸின் துறை 2022இல் அதன் வரம்பை 450ஆக இறக்கியது. அதைத் தாண்டும் கட்டடத்தின் உரிமையாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும். கன்டோனின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டினால் உங்கள் கட்டடத்தின் எண் வந்துவிடும். வாடகைக்கு இருப்பவரும் பார்க்கலாம். நான் பார்த்தேன். எங்கள் கட்டடம் வரம்புக்கு மேல். சூடாக்கும் செலவு வாடகையோடு சேர்ந்து நம் தலையில்தானே விழுகிறது! வீட்டு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், இழுபறி நீண்டது, அதெல்லாம் உண்மை. ஆனாலும் பெர்னில் எந்தப் பசுமைக் கட்சி உறுப்பினராலும் என் கட்டடத்தின் நிலவறை வரை வர முடிந்ததில்லை.

பெர்ன் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராமேர் கன்டோன் அமைச்சராக இருந்து தள்ளிய பெரிய வேலை, ஜெனீவாவின் கோர்னவன் நிலையத்திலிருந்து ஓ-வீவ் வழியாகப் பிரான்சின் அன்மாஸ் வரை போகும் ரயில் பாதை. 1912இலேயே ஒப்பந்தம் போட்டு, கிடப்பில் கிடந்த திட்டம் அது. 2009 நவம்பரில் ஜெனீவா மக்கள் கூடுதல் நிதிக்கு ஒப்புதல் தந்தார்கள். 2019 டிசம்பரில் அந்தப் பாதையில் லெமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஓடத் தொடங்கியது. கண்ணாடிக் கட்டிகளால் ஆன அந்த நிலையங்களில் காலையில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால், எத்தனை கார்கள் எல்லைச் சாலையிலிருந்து குறைந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் செலவில் பாதிக்கு மேல் கூட்டாட்சிப் பணம். ரயில் என்று வந்தால் பெர்னில் ஆள் வேண்டும்.

கன்டோன் என்றால் வெற்றி நிச்சயம் என்றும் இல்லை. பெர்ன் என்ற பெயருள்ள கன்டோனில் 2019 பிப்ரவரியில் அந்தக் கன்டோனின் எரிசக்திச் சட்டம் 50.6 சதவீத எதிர்ப்பில் விழுந்தது. சூரிச் கன்டோனின் எரிசக்திச் சட்டம் 2021 நவம்பரில் 62.6 சதவீத ஆதரவோடு வென்றது. நான் கிட்டே இருந்து பார்த்தது ஜெனீவா மட்டும், அதுவும் நகர்ப்புறம். மலைப்பகுதிச் சிறு கன்டோன்களில் இதே கணக்குப் பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

2023 ஏப்ரலில் ஹோட்ஜெர்ஸ் திரும்பத் தெரிவானார். அதே கட்சியின் ஃபபியென் ஃபிஷர் தன் இடத்தை இழந்தார். நவம்பரில் மாநிலங்களவைத் தேர்தலின் இரண்டாம் சுற்றில் அதே கட்சியின் லிசா மசோனும் தோற்றார். அடுத்து 2027 அக்டோபரில் பாராளுமன்றம், 2028 வசந்தத்தில் கன்டோன். பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு இரண்டிலும் வாக்கு இல்லை. சுவிஸில் எட்டு ஆண்டு இருந்திருந்தால் ஜெனீவாவில் கொம்யூன் (உள்ளூராட்சி) அளவில் வாக்களிக்கலாம். வாக்கு உள்ளவர்களுக்கு ஒரு தேர்தலுக்குத்தான் நேரம் என்றால், அதை 2028க்கு வைத்துக்கொள்ளுங்கள்.