விண்ணப்பத்துக்கான இசைப்பதிவு: மதுரையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இளங்கலை இசைப் படிப்புக்கு என் மகள் விண்ணப்பித்தபோது, மூன்று கர்நாடக இசை உருப்படிகளை (பாடல்களை)க் காணொளியாக அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். கார்த்திகை பிறந்ததும் தெருமுனை ஒலிபெருக்கியில் ஐயப்பன் பாட்டு தொடங்கிவிட்டதால், வைகையின் வடகரையில் உள்ள ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றோம்.

அந்தக் கூடத்தின் அமைதியை மனமாரப் பாராட்டுகிறேன். கதவைச் சாத்தினால் பேருந்தின் ஹாரன்கூட உள்ளே கேட்பதில்லை. மகள் பாடும் சுருதி, அதாவது குரலுக்கு ஆதாரமான ஒலிநிலை, ஐந்தரைக் கட்டை. அந்தச் சுருதியை விடாமல் ஒலிக்கும் சுருதிப் பெட்டியின் நாதம் குரலை மூடிவிடாமலும், காதுக்கு எட்டாமல் போய்விடாமலும் இருக்க, ஒலிப்பதிவாளர் மைக்கை நான்கு முறை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். மணிக்கு 900 ரூபாய் வாங்கிக்கொண்டு இவ்வளவு பொறுமையாக வேலை செய்பவர்கள் அரிது.

குறை, பதிவு முடிந்த பிறகு நடந்த வேலையில்தான். "சார், பாப்பா குரலை நல்லா பாலிஷ் பண்ணி, சினிமாப் பாட்டு மாதிரி கொண்டுவந்துட்டேன்" என்று மகிழ்ச்சியோடு கோப்பைத் தந்தார். கேட்டதும் மகளின் முகம் வாடிவிட்டது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமன்று. கீழே உள்ள ரிஷப ஸ்வரத்தையும் மேலே உள்ள மத்தியம ஸ்வரத்தையும் தொட்டு அசையும் கமகம் என்ற அசைவுதான் அதற்கு உயிர். சுருதி திருத்தும் மென்பொருளோ, ஆர்மோனியக் கட்டைகளைப் போல, குரலை அருகிலிருக்கும் ஸ்வரத்தில் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். குருவிடம் பல ஆண்டுகள் உட்கார்ந்து பழகிய கமகம் அந்தக் கோப்பில் படிக்கட்டு இறங்குவதைப் போல ஒலித்தது. ஒவ்வோர் உருப்படியும் வெட்டி ஒட்டாத, திருத்தாத ஒரே பதிவாக இருக்க வேண்டும் என்று விண்ணப்ப விதியிலேயே எழுதியிருந்தார்கள்.

வெளிநாட்டில் யாருக்குக் கமகம் தெரியப்போகிறது என்று எண்ணுவது பெரும் பிழை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதனும், கனடாவின் டொராண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கக் கலைஞர் திருச்சி சங்கரனும் பல ஆண்டுகள் ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள். கர்நாடக இசையை அறியாதவரே கேட்டாலும், பதினேழு வயதுப் பெண்ணின் குரல் எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைத்தான் அவர் அறிய விரும்புவார்.

எடுத்துச் சொன்னதும் ஒலிப்பதிவாளர் ஏற்றுக்கொண்டு, மறுநாளே மூலப்பதிவைக் கட்டணமின்றித் தந்தார். மூன்றில் ஒன்றான வர்ணத்தின் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டிப்பு வேகத்தில் பாடும் இடத்தில், மகள் மூச்சு வாங்கும் ஓசை அதில் கேட்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டோம். ஆனால் வர்ணத்தில் கேமரா முகத்தை மட்டுமே நெருக்கமாகக் காட்டியிருந்தது; தாளம் போடும் கை தெரியவே இல்லை. அதனால் அதை மட்டும் மீண்டும் பாட நேர்ந்தது, அதற்கு ஒரு மணி நேரக் கட்டணம் தனியாகக் கொடுத்தோம்.

இங்கே செல்பவர்கள், திருத்தாத பதிவே வேண்டும் என்பதையும், தொடையில் தாளம் விழும் இடம்வரை காட்சியில் தெரிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது; இரண்டாம் முறை நாங்கள் எழுதிக் கொடுத்ததை அவர் சிறிதும் பிசகாமல் செய்து தந்தார்.