‘புது மருந்து’ என்று கொடுத்தான், 62,000 ரூபாய் போச்சு: ஆடு வளர்ப்பவர்கள் படியுங்கள்

வேலூரில் தீவனமும் கால்நடை மருந்தும் விற்கிற ஒரு கடை. பேர் போடவில்லை, போட்டால் என் மேலேயே கேஸ் கொடுப்பான், அப்படிப்பட்ட ஆள். அவனால் எனக்குப் போனது 62,000 ரூபாய். ஏழு பெட்டை ஆடு, எல்லாம் சென்னைச் சிவப்பு இனச் செம்மறி, அதில் மூன்று சினை.

மழை விட்ட பிறகு ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. அதே கடையில் வாங்கிய அல்பெண்டசோல் என்கிற குடற்புழு மருந்தை ஊட்டியும் கேட்கவில்லை. போய்ச் சொன்னேன். கல்லாவை விட்டு எழுந்து வந்து, பக்கத்தில் உட்கார வைத்து, டீ சொல்லி, என் போனில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பழைய மருந்துக்குப் புழு பழகிடுச்சுண்ணா, இது புது ஐட்டம், ஒரு வேளை போதும்" என்றான். நம் ஆட்டு மேல் இவ்வளவு அக்கறையா என்று யாருக்குத்தான் தோன்றாது? எடை கேட்கவில்லை. பெரிய ஆட்டுக்கு ஒரு மூடி, சின்னதுக்கு அரை மூடி, அவ்வளவுதான் கணக்கு. கூடவே ஈரல் டானிக். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் தொகை மட்டும்.

ஆடு ஒவ்வொன்றாக விழுந்தது. போன் செய்தால் "மருந்து பிடிக்க நாளாகும்ணா". அப்புறம் "உங்க போர் தண்ணி சரியில்ல போல". நேரில் போனால் ஓனர் ஊரில் இல்லை என்கிறான் கடைப் பையன், உள்ளே ஓனர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! கடைசியாகக் கிடைத்த பதில், "ஆடுன்னா சாகத்தாண்ணா செய்யும்". அதோடு என் நம்பர் பிளாக்.

செத்த ஒன்றைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். நான்காவது வயிற்றைத் திறந்ததும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போல, கொத்துக் கொத்தாக நெளிகிறது. ஹீமான்கஸ், ரத்தம் குடிக்கிற புழு, ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல்கூட போடும் என்றார். பாட்டிலை வாங்கிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். ஃபென்பெண்டசோல். லேபிள் வேறு, கம்பெனி வேறு, ஆனால் அல்பெண்டசோலும் இதுவும் ஒரே குடும்பம், புழுவின் உடம்பில் ஒரே புரதத்தைத்தான் பிடிக்கும், ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் தப்பிவிடும். புழு பழகிவிட்டது என்று தன் வாயால் சொன்னவனே அதே குடும்பத்து மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறான். தேங்கிக் கிடந்த சரக்கை என் தலையில் கட்டினான் என்றுதான் நினைக்கிறேன். மீதி ஆடுகளுக்கு அவர் எடை போட்டு, வேறு குடும்பத்து மருந்தான குளோசாண்டல் கொடுத்தார், கண் இமைக்குள் வெளுப்பு போய் இப்போதுதான் கொஞ்சம் சிவப்பு தெரிகிறது.

ஆட்டுக்கு 56,000, மருந்து டானிக்குக்கு 6,000, ஆக 62,000 ரூபாய்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் வரிசையாக வரவில்லை. பிராண்டைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். மூடிக் கணக்கு வேண்டாம், எடை போட்டு ஊட்டுங்கள், குறைத்துக் கொடுத்தால் தாக்குப்பிடிக்கிற புழுதான் பெருகும். மருந்துக்கு முன்னாலும் இரண்டு வாரம் கழித்தும் புழுக்கையை மருத்துவரிடம் கொடுத்து அதில் உள்ள புழு முட்டையை எண்ணச் சொல்லுங்கள், 95 சதவீதம் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் வேலைக்கு ஆகாது. ஒடுகத்தூர் சந்தையில் பிடித்து வருகிற ஆட்டை நேராக மந்தையில் சேர்க்காதீர்கள். சினை பிடித்த முதல் மாதம் அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது. சண்டை போட்டாவது பில் வாங்குங்கள், அது இல்லாததால் புகார் கொடுக்கப் போன இடத்திலும் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.