தோட்டக் குடிசையா, மலையில் சொந்த மண்ணா?

1838 ஆகஸ்ட் 1-இல் ஜமைக்காவின் அடிமைகள் முழுமையாக விடுதலையானார்கள். தன் காலனிகளில் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்குப் பிரிட்டன் ஒதுக்கிய நஷ்டஈடு 2 கோடி பவுண்டு. உழைத்தவர்களுக்குக் காலணா இல்லை.

சரி, எங்கே போவது? கரும்புத் தோட்டத்திலேயே தங்கினால் கூலி உண்டு. ஆனால் அதுவரை இருந்த அதே குடிசைக்கு இப்போது வாடகை. சில துரைமார் வீட்டுக்கு இவ்வளவு என்றுகூட இல்லை, தலைக்கு இவ்வளவு என்று பிடித்தார்கள். என்ன அநியாயம்! எதிர்த்துப் பேசினால் வெளியேற்றம்.

இன்னொரு வழி, சுதந்திர கிராமம்: விடுதலையானவர்கள் தோட்டத்துக்கு வெளியே சொந்த மண்ணில் குடியேறிய ஊர். பாதிரியார் ஜேம்ஸ் பிலிப்போ 1835-இலேயே மலையில் நிலம் வாங்கி வைத்தார். அங்கே ஸ்லைகோவில் என்ற ஊர் எழுந்தது. நிலம் சின்னதுதான். காசுக்காகப் பலர் தோட்ட வேலைக்கும் போய்வந்தார்கள். ஆனாலும் நான் இந்தப் பக்கம்தான். கூலி குறைந்தால் வரமாட்டேன் என்று சொல்லலாம். வீட்டுக்குப் பின்னால் வள்ளிக்கிழங்கும் வாழையும் இருந்தன.