54 பிலோவா, பேர்ட்லேண்டா?

நியூயார்க்கில் கையில் இருப்பது ஒரே இரவு, கேபரே (சாப்பிட்டபடியே சிறு மேடையில் பாட்டு கேட்கும் நிகழ்ச்சி) கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இது. 54 பிலோ, பேர்ட்லேண்ட் இரண்டும் அங்குள்ள பாட்டு அரங்குகள்.

பாட்டு:
54 பிலோ முழுக்க பிராட்வே, அதாவது நியூயார்க்கின் இசை நாடக உலகம். 2012-இல் பிராட்வே நடிகை, பாடகி பாட்டி லுபோன் பாடித் திறந்துவைத்த இடம். பெரிய மேடையில் வேடத்தில் பார்த்தவர் இங்கே வேடமில்லாமல் தன் சொந்த ஆளாக நின்று, பாட்டுக்கு நடுவே கதை பேசுவார். பியானோ அடங்கி வாசிக்கும். ஒரு சொல்கூடக் காதில் தப்பாது.
பேர்ட்லேண்ட் ஜாஸ் வீடு. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் ‘பேர்ட்’ என்ற பட்டப்பெயரில் 1949-இல் பிறந்தது. இப்போது 44-ஆவது தெருவில் இருக்கிறது. பாடகர் ஒரு சுற்றுப் பாடி ஒதுங்கி நிற்க, சாக்ஸபோன் அதே மெட்டை எங்கெங்கோ கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே போகலாம்.

செலவு:
இரண்டிலும் டிக்கெட்டோடு முடியாது. சாப்பாடு, பானத்துக்குக் குறைந்தபட்சத் தொகை தனி. 54 பிலோவில் மேடையை நெருங்க நெருங்க விலை ஏறும்.

போக்குவரத்து:
இரண்டும் தியேட்டர் வட்டாரம்தான், நடந்தே போகலாம்.

பாடல் வரிகளுக்கு உருகுகிறவர் 54 பிலோவுக்குப் போங்கள். வாத்தியக் கூட்டைக் கேட்க வருகிறவருக்கு பேர்ட்லேண்ட். திங்கள்கிழமை என்றால் யோசிக்காமல் பேர்ட்லேண்ட்: அன்று பிராட்வேயில் பல நாடகங்களுக்கு விடுமுறை, அதனால் நடிகர்களும் வரலாம்; பாடகர் ஜிம் கருசோ அங்கே நடத்தும் ‘காஸ்ட் பார்ட்டி’ நிகழ்ச்சியில் யார் வேண்டுமானாலும் எழுந்து பாடுவார்கள்.