“இரட்டைக் குட்டி பவுடர்” என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்

திருமங்கலம் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு நாற்பது உருப்படி செம்மறி இருக்கிறது. ஈத்துக்கு ஒரு குட்டிதான், இரட்டை எப்போதாவது. சித்திரைக் கடைசியில் சந்தையில் ஒருவர் பைக்கில் இந்தப் பவுடர்ப் பைகளை வைத்து விற்றார். “கிடாய் சேர்க்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிங்கண்ணே. தலைக்குத் தினம் 50 கிராம். ஈத்துக்கு ரெண்டு குட்டி கேரண்டி” என்றார். 5 கிலோ பை 900 ரூபாய். பத்துத் தாய் ஆடுகளைத் தனியாகப் பிரித்து, தவிட்டில் கலந்து இரண்டு மாதம் வைத்தேன். தீரத் தீர அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு பை, 5,400 ரூபாய். பில் கிடையாது, நானும் கேட்கவில்லை.

பருவத்துக்கு வந்தன, சினையும் பிடித்தன. ஆடி பிறந்து ஒரு நாள் காலையில் பட்டியைத் திறந்தால், ஒன்று மட்டும் வெளியே வராமல் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது, கடுங்காப்பி நிறம். சாயங்காலமே செத்துப்போனது. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு. மூன்றில் இரண்டு சினை ஆடு.

கால்நடை டாக்டர் மூன்றாவதை அறுத்துக் காட்டினார். ஈரல் மஞ்சளாக இருந்தது, சிறுநீரகம் கறுத்திருந்தது. “என்ன வச்சீங்க?” என்றார். பையைக் கொடுத்தேன். ஸ்டிக்கர் ஓரத்தை நகத்தால் சுரண்டி உரித்தார். அடியில் பசுமாட்டுப் படம். கறவை மாட்டுக்கான தாது உப்பு, ஒரு மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் என்று அச்சடித்திருந்தது. மாட்டுக்கு உள்ள அளவை அப்படியே ஆட்டுக்கு வைத்திருக்கிறேன்.

அதில் செம்பு இருக்கும், மாடு தாங்கும். செம்மறிக்குக் கூடுதல் செம்பு சரியாக வெளியேறாது, ஈரலிலேயே சேர்ந்துகொண்டு போகும். வாரக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் ஈரல் தாங்காமல் செம்பு ரத்தத்தில் இறங்கும், சிவப்பணுக்கள் உடையும். அப்புறம் ஒன்றிரண்டு நாள்தான். இது தெரியாமல் இரண்டு மாதமும் ‘நல்லா ஒத்துக்கிருச்சு’ என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். நினைத்தாலே வயிறு எரிகிறது.

இரட்டைக் குட்டி பெரும்பாலும் இனத்தையும் தாய் ஆட்டின் உடம்பையும் பொறுத்தது என்றார் டாக்டர். வங்காளத்து கரோல் ஆட்டுக்கு அது பிறவியிலேயே உண்டு, எங்கள் கீழக்கரிசல் இனத்துக்கு ஒற்றைதான் வழக்கம். மெலிந்த ஆடாக இருந்தால், கிடாய் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து கம்போ மக்காச்சோளமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தினம் 200, 250 கிராம் வரை கொடுக்கலாம். சினை பிடிப்பது நன்றாக இருக்கும், சிலதுக்கு இரட்டை விழவும் வாய்ப்பு உண்டு. சினையின் கடைசி ஆறு வாரம்தான் குட்டி வேகமாக வளரும், அப்போதும் தீவனம் கூட்ட வேண்டும். அந்த 5,400 ரூபாய்க்கு மக்காச்சோளமே மூட்டை மூட்டையாக வாங்கியிருக்கலாம்.

மிச்சமுள்ள ஏழுக்கும் மருந்து ஓடுகிறது. மிரண்டாலோ அலைந்தாலோ அதுவே நோயைக் கிளப்பிவிடுமாம். அதனால் மேய்ச்சலுக்கு ஓட்டாமல் வேப்பமர நிழலில் கட்டி வைத்திருக்கிறோம். அந்த ஆளின் போன் சுவிட்ச் ஆஃப். போன வெள்ளி சந்தையிலும் காணவில்லை, வேறு சந்தைக்குப் போயிருப்பார்.

இதே பவுடரைச் செம்மறிக்கு வைத்துக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஆடு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல், பையையும் எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆடு படுத்துவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு, 1962க்கு போன் பண்ணுங்கள். பையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் முதலில் அதை உரித்துப் பாருங்கள்.